வேலூர் வீட்டுக்கு மரத்தரை: பலகையைத் தேர்ந்தெடுக்கும் முன் தரையைப் பாருங்கள்

மரத்தரை போடலாம் என்று நான் விசாரிக்கப் போன கடைகளில் எல்லோரும் முதலில் நீட்டியது நிற அட்டையைத்தான். வால்நட் வேண்டுமா, ஓக் வேண்டுமா, தேக்கு நிறம் போதுமா என்று கேட்டார்கள். வீட்டுத் தரையில் ஓதம் உண்டா, கதவுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, அறைக்குள் மேற்கு வெயில் விழுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இதையெல்லாம் நானேதான் அலைந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நிறத்தை முடிவு செய்ய ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

இதில் வரும் விலைகள் நான் விசாரித்தபோது சொல்லப்பட்டவை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ஒரு தோராயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்த அறைக்கு என்று முடிவு செய்யுங்கள்

வீடு முழுக்கப் போட ஆசை வரும். வேண்டாம். வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிற வீடு என்றால் கூடத்தை விட்டுவிடுங்கள். சமையலறை, குளியலறை வாசல், பூஜை அறை, துணி துவைக்கும் இடம் எதற்கும் மரத்தரை சரிப்படாது. பூஜை அறையில் விளக்கெண்ணெயும் தண்ணீரும் தினமும் சிந்தும்.

இன்னொரு விஷயம், நம் ஊர் வெயில். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும்போது, மதியத்தில் பாய்கூட இல்லாமல் தரையில் படுக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. ரெட் ஆக்சைடும் டைல்ஸும் தருகிற அந்தக் குளிர்ச்சியை மரத்தரை தராது. மார்கழியில் காலுக்கு இதமாக இருக்கும். சித்திரையில் படுக்க உதவாது. வீட்டில் பெரியவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று பார்த்து, அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் தடவை போடுபவர்களுக்குப் படுக்கையறை ஒன்று, அதிலும் முதல் மாடி அறையாக இருந்தால் நல்லது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்துவிட்டு அடுத்த அறையைப் பற்றி யோசிக்கலாம்.

2. ஓதத்தைச் சோதியுங்கள்

இந்த ஒரு வேலையைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தரைத்தளம் என்றால் கட்டாயம். பாலாற்றுக் கரைப் பக்கமும் ஏரிக்கு அருகிலும் உள்ள மனைகளில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது ஈரம் அடியிலிருந்து மேலே வரும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் உங்கள் வீட்டுச் சுவரின் கீழ்ப்பகுதியில் பெயின்ட் உப்பியதா, உப்பு பூத்ததா என்று வீட்டில் கேளுங்கள். அப்படி நடந்திருந்தால் அந்த அறையில் மரம் வேண்டாம்.

சோதனைக்குச் செலவே இல்லை. கனமான, நிறமற்ற பாலிதீன் ஷீட்டை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டுங்கள். வெயில் படாத இடத்தில் தரையில் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். டைல்ஸ் தரை என்றால் இணைப்புக் கோடு ஷீட்டுக்கு நடுவில் வருமாறு வையுங்கள். ஈரம் அந்தக் கோடு வழியாகத்தான் வரும். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும் என்பது கணக்கு. இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது. பிரித்துப் பார்க்கும்போது ஷீட்டின் அடிப்பக்கம் வியர்த்திருந்தாலோ, சிமென்ட் தரை அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது. அறையின் மூலை, குளியலறையை ஒட்டிய சுவர், நடுப்பகுதி என்று மூன்று இடத்தில் செய்யுங்கள். கோடையில் செய்த சோதனையை முழுசாக நம்ப முடியாது. கார்த்திகை மழையில் செய்தால்தான் உண்மை தெரியும்.

புதிதாகச் சிமென்ட் தளம் போட்டிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தளம் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். காற்றோட்டம் நன்றாக இருந்தால் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு வைப்பார்கள். 50 மில்லிமீட்டர் தளத்துக்கு 50 நாள். மழைக்காலம் என்றால் இன்னும் இழுக்கும். கிரகப்பிரவேசத் தேதியைக் குறித்துவிட்டு மேஸ்திரியையும் தரை போடுபவரையும் ஒரே வாரத்தில் வரவழைக்கிற அவசரத்தில்தான் பல தரைகள் கெடுகின்றன.

3. கரையானை விசாரியுங்கள்

நிலை, ஜன்னல் சட்டம், பரண் பலகை, அலமாரியின் பின்பக்கம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய மண் கோடு தெரிந்தால் முதலில் கரையான் மருந்து, அப்புறம்தான் தரை. குடியிருக்கும் வீட்டில் சுவரோரமாகத் துளை போட்டு மருந்து செலுத்துவார்கள். இதற்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6313, பகுதி 3. அந்த முறைப்படி செய்வதாகவும், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்றும் எழுதி வாங்குங்கள். மரத்தரை போட்ட பிறகு துளை போடுவதென்றால் பலகையைக் கழற்றியாக வேண்டும்.

4. என்னென்ன வகை, எது நமக்கு

கடையில் எல்லாவற்றையும் உட்டன் ஃப்ளோரிங் என்றுதான் சொல்வார்கள். உள்ளே இருப்பது வேறு வேறு.

லேமினேட். மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை, மேலே மரம் மாதிரி அச்சிட்ட தாள், அதற்கு மேல் கண்ணாடி போன்ற பூச்சு. 8 மில்லிமீட்டரும் 12 மில்லிமீட்டரும் கிடைக்கும். சதுர அடி 80 முதல் 200 ரூபாய் வரை சொன்னார்கள். பெட்டியில் ஏ.சி. 3, ஏ.சி. 4 என்று தேய்மானத் தரம் போட்டிருக்கும். படுக்கையறைக்கு ஏ.சி. 3 போதும். நடமாட்டம் அதிகமுள்ள இடத்துக்கு ஏ.சி. 4 எடுங்கள். இங்கேதான் ஒரு பொறி: ஏ.சி. 5 என்பதால் தண்ணீர் தாங்கும் என்று ஒரு கடையில் அடித்துச் சொன்னார்கள். அந்த எண் மேல்பூச்சு தேய்வதைப் பற்றியது. தண்ணீருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

எஞ்சினியர்டு. அடியில் பிளைவுட் அல்லது அழுத்திய அட்டை, மேலே உண்மையான மரத்தின் மெல்லிய அடுக்கு. அந்த மேல் அடுக்கின் கனத்தைத்தான் கேட்க வேண்டும். அரை மில்லிமீட்டரும் உண்டு, 4 மில்லிமீட்டரும் உண்டு. 3 அல்லது 4 இருந்தால் பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஒரு முறை இழைத்து பாலிஷ் போடலாம். அரை மில்லிமீட்டரை இழைத்தால் அடியில் உள்ள பிளைவுட் தெரிந்துவிடும். இரண்டுக்கும் மொத்தக் கனம் 14 மில்லிமீட்டர் என்று ஒன்றாகவே இருக்கலாம், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. விலை சதுர அடி 250-இல் தொடங்கி 600-க்கு மேலும் போகிறது.

எஸ்.பி.சி. இது மரமே இல்லை. கல் தூளும் பி.வி.சி.யும் சேர்ந்தது. 4 முதல் 6 மில்லிமீட்டர் கனம். கரையான் தின்னாது, தண்ணீரில் ஊறாது. தரைத்தளத்தில் லேசான ஓதம் இருந்து, மரத் தோற்றம்தான் வேண்டும் என்றால் இதுதான் வழி. மேல் அடுக்கு 0.3 மில்லிமீட்டரா 0.5-ஆ என்று கேளுங்கள், 0.5 எடுங்கள். ஆனால் மேற்கு ஜன்னல் வழியாக நம் ஊர் வெயில் நேரடியாக விழும் இடத்தில் இது சூடேறி விரியும். அங்கே கனமான திரை போட்டே ஆக வேண்டும்.

முழு மரம். தேக்கு, வேங்கை, படாக். அழகில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் நம் ஊரில் சித்திரை வெயிலில் சுருங்கிப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விடும், ஐப்பசி மழையில் உப்பும். நன்றாகக் காய்ந்த கட்டையும் கைதேர்ந்த ஆசாரியும் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். மரத்தின் ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரமானியை உங்கள் கண்ணெதிரே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மரம் கன அடிக் கணக்கில் விற்கும். 100 சதுர அடிக்கு ஒரு அங்குலப் பலகை என்றால் 8.33 கன அடி. இழைப்பு, வெட்டுக் கழிவு சேர்த்தால் 11 கன அடி வரை வாங்க வேண்டியிருக்கும். கடைக்காரர் 8-க்குக் கணக்குப் போட்டுச் சொல்வார், மீதி நடுவில் வரும். பலகையின் ஓரத்தில் வெளிர் நிறப் பட்டை தெரிந்தால் அது வைரம் பாயாத வெளிக்கட்டை. பூச்சி முதலில் அதைத்தான் பிடிக்கும்.

இடித்த வீட்டுப் பழைய தேக்கு கிடைத்தால் விடாதீர்கள். பல ஆண்டு காய்ந்த கட்டை இனிமேல் அதிகம் சுருங்காது. ஆணிகளைப் பிடுங்கும் கூலியை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஆணி இருந்தால் மில்லில் அறுக்க ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சொந்த நிலத்துத் தேக்கை வெட்டி எடுத்து வர நினைப்பவர்கள், ஜவ்வாது மலையடிவாரத்தில் பலருக்கு இந்த எண்ணம் உண்டு, வெட்டுவதற்கு முன் பட்டா, சிட்டா நகலுடன் வனச்சரக அலுவலகத்தில் போய்க் கேட்டுவிடுங்கள். பட்டா நிலத்து மரமாக இருந்தாலும் லாரியில் ஏற்ற அனுமதிச் சீட்டு தேவைப்படும்.

5. சாம்பிளை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்

கடையின் வெளிச்சத்தில் எல்லா நிறமும் நன்றாக இருக்கும். இரண்டு மூன்று துண்டுகள் கேட்டு வாங்கி வந்து, அதே அறையில் காலையிலும் மாலையிலும் பாருங்கள். கரும் நிறத்தில் தூசியும் கால் தடமும் அப்படியே தெரியும்.

அப்புறம் ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். நான் ஒரு லேமினேட் துண்டைப் பாதி மூழ்கும்படி டம்ளரில் நிறுத்தி இரவு முழுக்க வைத்தேன். காலையில் மேல்பூச்சில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அறுத்த ஓரத்தை நகத்தால் தடவியபோது, தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே மேடு தட்டியது. காய வைத்த பிறகும் அந்த மேடு இறங்கவில்லை. வேறொரு கடையின் துண்டு அதே நேரத்தில் பாதி அளவுகூட உப்பவில்லை. விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. கடைக்காரர் சொல்லும் எதையும்விட இந்த டம்ளர் தெளிவாகச் சொல்லும்.

6. மட்டமும் கதவும்

பத்து அடி நீளத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. நேரான அலுமினியச் சட்டத்தைத் தரையில் வைத்து அடியில் நாணயம் நுழைகிறதா என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். பள்ளமான இடத்தில் பலகை நடக்கும்போது அமுங்கி, இணைப்பு உடையும்.

பழைய டைல்ஸைப் பெயர்க்கத் தேவையில்லை, தட்டிப் பார்த்துப் பொள்ளலாக ஒலிப்பதை மட்டும் சரிசெய்தால் போதும். ஆனால் உயரம் கூடும். 8 மில்லிமீட்டர் பலகையும் அதற்கு அடியில் விரிக்கும் 2 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டும் சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர். கதவு அடியில் இடிக்கும், இழைக்க வேண்டும். இரும்புக் கதவு, கண்ணாடிக் கதவு உள்ள அறைகளில் இதை முதலிலேயே பாருங்கள்.

7. சதுர அடி விலையை நம்பாமல் முழுக் கணக்குப் போடுங்கள்

12 அடிக்கு 11 அடி அறை, 132 சதுர அடி. வெட்டுக் கழிவு 8 சதவீதம் சேர்த்தால் 142.5 வரும். லேமினேட் பெட்டியாகத்தான் விற்பார்கள், உடைத்துத் தர மாட்டார்கள். நான் பார்த்த 8 மில்லிமீட்டர் பெட்டியில் 20.4 சதுர அடி. ஆக, 7 பெட்டி. சதுர அடி 110 ரூபாய் என்றால்:

பலகை 142.8 சதுர அடி: 15,708
ஜி.எஸ்.டி. 18 சதவீதம்: 2,827
ஃபோம் ஷீட், சதுர அடிக்கு 8 வீதம்: 1,056
போடும் கூலி, சதுர அடிக்கு 20 வீதம்: 2,640
ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியோரம் ஓடும் பட்டை) 43 ரன்னிங் அடி, 60 வீதம்: 2,580
வாசலில் ப்ரொஃபைல் பட்டை (இரண்டு தரையும் சேரும் இடத்தை மூடுவது) 3 அடி: 450
வண்டி வாடகை: 1,200
கதவு இழைப்பு: 400

மொத்தம் 26,861 ரூபாய். சதுர அடிக்கு 203 ரூபாய்க்கு மேல். 110 என்று தொடங்கியது எங்கே போய் நிற்கிறது பாருங்கள். இரண்டு கடைகளை ஒப்பிடும்போது இந்த எட்டு வரிகளையும் வைத்து ஒப்பிடுங்கள். பலகையில் 10 ரூபாய் குறைத்துவிட்டு ஸ்கர்ட்டிங்கில் எடுத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. பழைய டைல்ஸ் ஸ்கர்ட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு, மெல்லிய பீடிங் சட்டம் மட்டும் அடித்தால் அந்தச் செலவு பாதியாகும்.

மூலைக்கு மூலை சாய்வாகவோ மீன்முள் வடிவிலோ போட நினைத்தால் கழிவு 15 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை சைடன்ஹாம்ஸ் சாலையில் வகை அதிகம். ஆனால் ஒரே ஒரு அறைக்கு என்றால் 140 கிலோமீட்டர் வண்டி வாடகையும், அங்கிருந்து ஆள் வந்து போகும் செலவும் மிச்சத்தைத் தின்றுவிடும். அங்கே பார்த்து, மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, வேலூரில் அதே சரக்குக்கு விலை கேட்பதுதான் எனக்கு லாபமாகப் பட்டது.

8. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

விலைப்புள்ளியில் நிறுவனப் பெயர், மாடல் எண், கனம், தேய்மானத் தரம் அல்லது மேல் அடுக்குக் கனம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். "8 எம்.எம். உட்டன்" என்று மட்டும் எழுதிய சீட்டை வாங்காதீர்கள், வேறு சரக்கு வந்து இறங்கினால் பேச வழியில்லை. ஒட்டுப் பசையின் வாடை பற்றிக் கவலைப்படுபவர்கள், குழந்தைகள் அறை என்றால் நிச்சயமாக, ஃபார்மால்டிஹைடு (பசையிலிருந்து கசியும் வாயு) அளவு இ1 தரம் அல்லது அதைவிடக் குறைவு என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். பில் இல்லாமல் 18 சதவீதம் குறைத்துத் தருவதாகச் சொல்வார்கள். பில் இல்லை என்றால் வாரன்டியும் இல்லை. வாரன்டி அட்டையில் ஆண்டு எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், எதற்குப் பொருந்தாது என்ற பகுதியைப் படியுங்கள். தண்ணீர் தேங்கியது, ஓதம், கரையான், சரியாகப் போடாதது எல்லாம் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். அதனால்தான் பாலிதீன் சோதனையைத் தேதியோடு போட்டோ எடுத்து வைப்பது முக்கியம்.

கடையே ஆள் அனுப்பினால் கூலியும் பில்லில் சேரட்டும். ஆள் தனி, பலகை தனி என்றால், பின்னால் ஏதாவது வரும்போது இவர் அவரைக் கை காட்டுவார், அவர் இவரைக் கை காட்டுவார். அடுக்குமாடி என்றால் சங்கத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம்.

தகராறு வந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

9. எந்த மாதம், எந்த வரிசை

தை பிறந்த பிறகு பங்குனி வரை நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், கத்திரி வந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் போடாதீர்கள். தீபாவளித் தள்ளுபடி பார்த்து வாங்கினாலும் பிரிக்காமல் வைத்துத் தையில் போடுங்கள்.

வேலை வரிசையில் மரத்தரை கடைசிக்கு முந்தியது. மின்சாரம், ஏசி குழாய், சீலிங், பெயின்ட்டின் முதல் பூச்சுகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். தரைக்குப் பிறகு சுவரின் கடைசிப் பூச்சு மட்டும் மிச்சம் இருக்கலாம். சுவரோடு பொருத்தும் பெரிய அலமாரி இருந்தால் அதை முதலில் தரையில் நிறுத்திவிட்டு, அதைச் சுற்றிப் பலகை போடச் சொல்லுங்கள். லேமினேட்டும் எஸ்.பி.சி.யும் தரையில் ஒட்டாமல் மிதப்பவை. மேலே கனமான அலமாரியை நிறுத்தி அழுத்தினால், விரிய வழியில்லாமல் வேறொரு இடத்தில் எழும்பும். ஏசி தண்ணீர்க் குழாய் சொட்டுகிறதா என்று ஒரு பக்கெட் வைத்து இரண்டு நாள் பார்த்துவிடுங்கள்.

10. போடும் நாளில் கூடவே இருங்கள்

பெட்டிகள் 48 மணி நேரம் முன்பாக அதே அறைக்குள் வந்துவிட வேண்டும், சுவரில் சாய்க்காமல் படுக்கை வாட்டில். வேலை தொடங்கும் முன் எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். எண் மாறினால் நிறம் லேசாக மாறும்.

நீங்கள் கண்ணால் பார்த்தே ஆக வேண்டியது சுவரோர இடைவெளி. சுற்றிலும் 8 முதல் 12 மில்லிமீட்டர் விட வேண்டும். அங்கங்கே கட்டைத் துண்டைச் செருகி அந்த இடைவெளியைக் காப்பார்கள், கடைசியில் எடுத்துவிடுவார்கள். கட்டைத் துண்டே இல்லாமல் சுவரோடு ஒட்டிப் போட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். பார்க்க நெருக்கமாக, நேர்த்தியாக இருக்கும். மழைக்காலம் வந்ததும் அறையின் நடுவில் கூடாரமாக எழும்பும். நிலைக் கட்டைக்கு அடியிலும் அதே இடைவெளி வேண்டும். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் ஆணி அடிக்க வேண்டும், பலகையில் அடிக்கக் கூடாது. அறைக்கும் கூடத்துக்கும் நடுவே பட்டை போடாமல் ஒரே நீளமாக ஓட்டுவது அழகாக இருந்தாலும், லேமினேட்டில் எட்டுப் பத்து மீட்டருக்கு மேல் அப்படி ஓட்டக் கூடாது.

ஒரு படுக்கையறையை இரண்டு பேர் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். முழுப் பணத்தையும் அன்றே கொடுக்காமல், பத்து சதவீதத்தை ஒரு வாரம் நிறுத்தி வைப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் அறை முழுக்க வெறுங்காலில் நடந்து, கிரீச்சிடும் இடத்தில் எல்லாம் டேப் ஒட்டி வையுங்கள்.

11. அதற்குப் பிறகு

பக்கெட்டும் தண்ணீர் சொட்டும் துணியும் இந்த அறைக்குள் வரக் கூடாது என்று வேலைக்கு வரும் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெருக்கிவிட்டு, ஒட்டப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். ஃபினாயிலும் ஆசிடும் வேண்டாம். வாசலில் மிதியடி போடுங்கள். செருப்போடு வரும் மணல்தான் கீறலுக்குக் காரணம். பீரோ காலுக்கு அடியில் பிளைவுட் துண்டு, நாற்காலி காலுக்கு ஃபெல்ட் ஒட்டு.

மிஞ்சிய பலகைகளைக் கடைக்குத் திருப்பித் தராதீர்கள். இரண்டு மூன்று வருடத்தில் அந்த மாடல் நின்றுபோகும். பெட்டியின் மேல் மாடல் எண்ணும் பேட்ச் எண்ணும் தெரியும்படி, பில் நகலையும் உள்ளே வைத்து, மழை ஒழுகாத பரணில் படுக்க வையுங்கள்.